மாமாவின் .303 துவக்கு: வெட்டுப்பட்ட முன்கட்டைக்கு மாற்றுப் பாகங்கள் எங்கே தேடுவது?

ஸ்காபரோவாசன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மனைவியின் தகப்பனார் போன மாசியில் காலமானார். அவர் கனடாக்காரர், ஒன்ராறியோவில் சட்பரிக்கு வடக்கே காட்டுப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். கலியாணமான புதிதில் நான் வாய்தவறி 'மாமா' என்று கூப்பிட, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு நான் தன்னை வேறு எப்படியும் கூப்பிட விடவில்லை. அவருடைய துவக்கு இப்போது எனக்கு என்று எழுதி வைத்திருக்கிறார். லீ என்ஃபீல்ட் .303, ஊரில் பொலிஸ்காரர் தோளில் தொங்கச் சிறுவயதில் கண்ட அதே குடும்பம்தான், ஆனால் அதற்குப் பிந்திய மொடல்.

உடலின் இடப்பக்கத்தில் 'நம்பர் 4 மார்க் 1 ஸ்டார்', 'லோங் பிராஞ்ச்', '1943' என்று மூன்றும் அடித்திருக்கிறது. சீரியல் நம்பரின் நடுவில் ஆங்கில எல் எழுத்து இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால் யாரோ எப்போதோ இதை வேட்டைத் துவக்காக மாற்றியிருக்கிறார்கள். பேரலுக்கு (குழலுக்கு)க் கீழே முனை வரை ஓட வேண்டிய மரம், அதாவது முன்கட்டை, பாதியில் அறுக்கப்பட்டு, அறுத்த இடம் உருட்டி அரத்தால் தேய்த்து, மேலே மினுமினுப்பான வார்னிஷ் பூசியிருக்கிறது. பேரலுக்கு மேலே மூடும் மரம் இரண்டுமே இல்லை. வளையங்கள் இல்லை, வார் மாட்டும் கொக்கி இல்லை, முன்குறியின் இருபக்கமும் காது மாதிரி நிற்கும் காவல் பாகமும் இல்லை. மேகசின்கூட ஐந்து குண்டு கொள்ளும் குட்டையானது.

தோளில் வைக்கும் பின்கட்டை மட்டும் முழுசாக இருக்கிறது. அதன் இடப்பக்கத்தில் பேனாக்கத்தியால் வெட்டிய பதினொரு கோடுகள். ஒவ்வொன்றும் ஒரு மூஸ் (இங்கத்தைப் பெரிய மான்). கடைசிக் கோடு மற்றவற்றைவிடக் கொஞ்சம் கோணலாக இருக்கும், அந்த வருடம் மாமாவுக்குக் கை நடுக்கம் தொடங்கிவிட்டது, நான் பக்கத்தில் இருந்தேன்.

மாமாவின் தகப்பன் இந்தத் துவக்கைப் போருக்குக் கொண்டுபோய் இத்தாலியில் சண்டை பிடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார் என்பது வீட்டில் எல்லோரும் சொல்லும் கதை. அதனால் அது இராணுவத்தை விட்டு வந்த கோலத்துக்கே திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்கு ஆசை. பாகங்களை எங்கே தேடுவது, எதை முதலில் வாங்குவது, எதை நானே செய்யலாம், எதைக் கட்டாயம் கன்ஸ்மித்திடம் (துவக்குத் திருத்துபவரிடம்) கொடுக்க வேண்டும்? என்னிடம் லைசன்ஸ் இருக்கிறது, மாமாவோடு வேட்டைக்குப் போவதற்காக மூன்று வருடத்துக்கு முன் எடுத்தது. மரவேலை பெரிதாகத் தெரியாது, ஆனால் பொறுமை இருக்கிறது.

இன்னொன்று. துவக்கோடு சேர்ந்து ஒரு பிஸ்கட் டின்னில் பழைய குண்டுப் பொட்டலங்களும் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

கோவைக்காரன்_கால்கரி எழுதியது:

முதலில் உங்கள் மாமனாருக்கு என் அஞ்சலி. இருபது வருஷமா லீ என்ஃபீல்டுகளைத்தான் சேர்க்கிறேன், வெட்டுப்பட்டு வந்தவற்றில் நாலு துப்பாக்கியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு பாகமும் வாங்காதீர்கள். முதலில் பேரலைப் பாருங்கள். எல்லாமே அதில்தான் இருக்கிறது. இந்த மாடலின் பேரல் 25.2 அங்குலம், அதாவது 64 செ.மீ. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, போல்ட்டை (குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்பு உருளையை) மூடி, முனை வழியாகத் துடைக்கும் கம்பியை மெதுவாக விட்டு போல்ட் முகத்தில் முட்டும் இடம் வரை அளந்து பாருங்கள். அப்புறம் முனைக்குச் சற்றுப் பின்னால் இருபக்கமும் பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டுவதற்கான இரண்டு சின்னப் புடைப்புகள் இருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். வேட்டைக்கு மாற்றியவர்கள் பல நேரம் பேரலை இரண்டு மூன்று அங்குலம் குறைத்துவிடுவார்கள், அல்லது அந்தப் புடைப்புகளை அரைத்துத் தள்ளிவிடுவார்கள். நீளமும் புடைப்பும் இருந்தால் உங்கள் வேலை மரமும் சில்லறை இரும்பும்தான். இல்லை என்றால் பேரலையே மாற்ற வேண்டும், அது வீட்டில் செய்கிற வேலை இல்லை, செலவும் வேறு மாதிரி. அந்த நிலையில் அப்படியே விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

இரண்டாவது, மார்க் 1 ஸ்டாரின் பலவீனம் ஒன்று இருக்கிறது. போல்ட்டின் தலை ஒரு தண்டவாளத்தில் ஓடும். போல்ட்டைக் கழற்றுவதற்காக அந்தத் தண்டவாளத்தின் முன்பக்கம் ஒரு சின்ன வெட்டு விட்டிருப்பார்கள், தலையை அந்த வெட்டுக்கு நேராகக் கொண்டுவந்து மேலே தூக்கினால் வெளியே வரும். வருஷக்கணக்காகப் புழங்கினதில் சில துப்பாக்கிகளில் அந்த வெட்டின் ஓரம் சில்லு பெயர்ந்திருக்கும். அப்படிப் பெயர்ந்திருந்தால் வேகமாக இழுக்கும்போது தலை தானாகவே துள்ளி வெளியே வந்துவிடும். டார்ச் அடித்து அந்த ஓரத்தைப் பாருங்கள். கூர்மையாக, முழுசாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, போல்ட் கைப்பிடியின் அடியில் பின்பக்கம் ஒரு எண் இருக்கும். அது உடலில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா? ஒத்துப்போனால் அந்த போல்ட்டை உயிர்போல வைத்திருங்கள். 'இன்னும் பளபளப்பாக ஒன்று கிடைக்கிறது' என்று யாராவது சொன்னாலும் மாற்றாதீர்கள். இந்தத் துப்பாக்கியில் போல்ட்டையும் உடலையும் ஒன்றுக்கொன்று பொருத்தித்தான் தொழிற்சாலையில் இருந்து அனுப்பினார்கள். போல்ட் தலை மட்டும் 0, 1, 2, 3 என்று நான்கு அளவில் உண்டு, போல்ட் முகத்துக்கும் குண்டின் அடிவிளிம்பு போய் முட்டும் இடத்துக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்வதற்காக. அதற்குத்தான் ஹெட்ஸ்பேஸ் என்று பெயர். கன்ஸ்மித்திடம் கட்டாயம் கொடுக்க வேண்டிய வேலை இது ஒன்றுதான். 0.064 அங்குல கேஜில் (குண்டுக்குப் பதில் வைத்துப் பார்க்கும் அளவுத் துண்டில்) போல்ட் மூட வேண்டும், 0.074-ல் மூடக்கூடாது. இதைப் பார்க்காமல் ஒரு குண்டுகூடச் சுட வேண்டாம், உங்கள் மாமனார் போன வருஷம்தான் சுட்டார் என்றாலும்.

இப்போது பாகங்கள். கீழே இருக்கும் மரம்தான் எல்லாவற்றிலும் சிரமமானது, அதில்தான் ஏமாறவும் வாய்ப்பு அதிகம். நம்பர் 4-க்கு என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள், மார்க் 1-க்கான முன்கட்டை வேண்டும் என்று கேளுங்கள். போருக்குப் பிந்தைய மார்க் 2-வில் ட்ரிகர் உடலிலேயே தொங்கும், உங்களுடையதில் ட்ரிகரைச் சுற்றியிருக்கும் காவல் வளையத்தில் தொங்குகிறது. அதனால் மார்க் 2 முன்கட்டையின் பின்முனை வேறு மாதிரி வெட்டி, குறுக்கே ஒரு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். அது உங்கள் துப்பாக்கியில் உட்காரும் மாதிரி தெரியும், ஆனால் வேண்டிய இடத்தில் மரம் இருக்காது. நம்பர் 1 என்று சொல்லும் முந்தைய மாடலின் பாகங்களும் ஏறக்குறைய எதுவும் பொருந்தாது. எனக்கு ஒரு விற்பனையாளர் நம்பர் 4 மேகசின் என்று நம்பர் 1 மேகசினை அனுப்பி, திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்று சொன்ன அனுபவம் உண்டு. பாகத்தின் நாலு பக்கமும் படம் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் துப்பாக்கியைச் செய்த லாங் பிராஞ்ச் தொழிற்சாலையின் பாகங்களில் சின்னதாக எல்.பி. என்று அடித்திருக்கும். நல்ல நேரம் என்று சொல்ல வேண்டும், கனடாவில் இவை இன்னும் கிடைக்கின்றன. நம்மூர் பக்கம் ஈஸ்டர் வாரக் கடைசியில் கால்கரியில் நடக்கும் துப்பாக்கிக் கண்காட்சிக்கு வந்தால் மேசைக்கு அடியில் இருக்கும் அட்டைப்பெட்டிகளைக் கிளறுங்கள், மேசைமேல் இருப்பதைவிட அங்கேதான் வளையமும் கொக்கியும் கிடக்கும். இணையத்தில் கனேடியன் கன் நட்ஸ் என்ற கருத்துக்களத்தின் விற்பனைப் பகுதியைப் பாருங்கள். அமெரிக்காவில் நிறைய இருக்கிறது, ஆனால் ஏற்றுமதி விதிகளால் பலர் எல்லை தாண்டி அனுப்ப மாட்டார்கள்.

பழைய குண்டுகளைச் சேகரிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், சுடுவதற்குப் புதிதாக வாங்குங்கள், .303 இன்றும் கடையில் கிடைக்கும். என்றைக்காவது பழையதைச் சுட்டால், அதன் பிரைமர் (குண்டின் அடியில் பொறி மூட்டும் பாகம்) விட்டுப்போகும் உப்பு பேரலை அரிக்கும் என்றே வைத்துக்கொண்டு அன்றைக்கே கொதிநீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து எண்ணெய் போடுங்கள். அந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும்.

மீனலோசனி எழுதியது:

துப்பாக்கியைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, ஆனால் என் கணவர் இறந்தபோது அவருடைய இரண்டு ரைபிள்களை மகனுக்கு மாற்றிக் கொடுத்தவள் நான், அதனால் காகித விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

உயிலை நிறைவேற்றுபவர் உங்கள் மாமியா? அவரிடம் லைசன்ஸ் இல்லாவிட்டாலும், சொத்து விவகாரம் முடியும்வரை நியாயமான காலத்துக்கு அவர் அதை வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. நீதிமன்றத் தடை எதுவும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் 'எனக்கு என்று எழுதி வைத்திருக்கிறார்' என்று தூக்கிக்கொண்டு போய்விடக்கூடாது தம்பி. இந்த மாதிரி சாதாரண வகை ரைபிளுக்குப் பதிவு 2012-ல் நீக்கப்பட்டது உண்மைதான். ஆனால் 2022 மே 18 முதல், கை மாறுவதற்கு முன் வாங்குபவரின் லைசன்ஸ் செல்லுமா என்று கேட்டு ஒரு ஒப்புதல் எண் பெற வேண்டும். மாமி சார்பில் முதலில் அதிகாரப் பத்திரம் அனுப்ப வேண்டும், அதற்குப் பிறகு இது ஒரு போன் வேலைதான்.

பாகங்கள் வாங்குவதற்கும் ஒன்று. 2023 டிசம்பருக்குப் பிறகு பேரல், மேகசின் இரண்டையும் வாங்க லைசன்ஸ் காட்ட வேண்டும். மரம், வளையம், திருகாணிக்கு அது வேண்டாம்.

'பழங்காலத் துப்பாக்கிக்கு எதுவும் தேவையில்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சட்டப்படி பழங்காலம் என்றால் 1898-க்கு முன் செய்தது. உங்களுடையது 1943.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், வேலை செய்யும் மாதங்களில் மேசைமேல் பிரித்துப் போட்டே வைத்திருக்கத் தோன்றும். போல்ட்டை மட்டுமாவது தனியே பூட்டி வையுங்கள்.

முல்லைமணி எழுதியது:

எனக்கு வேறு கருத்து. மாற்றாதீர்கள் அண்ணா.

அறுபது எழுபது வருடமாக அந்த வீட்டுக் குளிர்காலச் சாப்பாட்டை அந்த வெட்டுப்பட்ட துவக்குதான் கொண்டுவந்திருக்கிறது. அதை யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று நாம் இப்போது சொல்வது சரியா? போர் முடிந்து மிச்சமானவற்றை மலிவாக வாங்கி, பாரம் குறைய மரத்தை அறுத்து, அதைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போன மனிதர்களின் கதையும் கதைதான். மாமா கையில் இருந்த கோலம் இதுதான். இராணுவக் கோலத்தில் அவர் அதை ஒரு நாளாவது பார்த்திருப்பாரா? முழுசான ஒன்று வேண்டும் என்றால் வேறொன்று வாங்கிப் பக்கத்தில் வையுங்கள்.

தச்சன்மகன் எழுதியது:

முல்லைமணி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றை வெட்டினால்தான் திரும்ப முடியாது. இந்த வேலையில் எதையும் வெட்டப் போவதில்லை. பழைய முன்கட்டையைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்தால், வேண்டும்போது ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு அரைமணி நேரத்தில் பழைய கோலம் வந்துவிடும். கோடுகள் இருப்பது பின்கட்டையில், அதைத் தொடவே போவதில்லை. அதைத் தேய்க்கக்கூட வேண்டாம்.

மரவேலை பற்றி எழுதுகிறேன். என் அப்பா நாகர்கோவிலில் தச்சர், நான் மெல்போர்னில் நாற்காலி மேசை செய்கிறேன், இங்கே ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலையில் செய்த .303-களுக்கு நண்பர்கள் கேட்டு முன்கட்டை பொருத்திக் கொடுத்திருக்கிறேன். அது முந்தைய மாடல், ஆனால் மரத்தின் தத்துவம் ஒன்றுதான்.

வாங்கும் மரம் பெரும்பாலும் 'பொருந்திவிடும்' என்றுதான் சொல்லி விற்பார்கள். உள்ளே போவது வேறு, பொருந்துவது வேறு. சுடும்போது பின்னால் உதைக்கிற உதை முழுவதையும் முன்கட்டையின் பின்முனையில் வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு மரமுகங்கள்தான் வாங்குகின்றன. இங்கே அதை 'ட்ராஸ்' என்பார்கள். பழைய கட்டைகளில் பல வருட எண்ணெய் ஊறி அந்த இடம்தான் பஞ்சு மாதிரி ஆகியிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழுந்தால் அந்த இடத்தைச் சதுரமாக வெட்டியெடுத்து, ரேகை ஒரே திசையில் ஓடுமாறு நல்ல கெட்டி மரத்துண்டு ஒட்ட வேண்டும். அது முடிந்த பிறகு உரசிப் பொருத்துவது.

அப்பா கதவு நிலை பொருத்தும்போது செய்ததையே நானும் செய்கிறேன். விளக்குக்கரியை ஒரு சொட்டு எண்ணெயில் குழைத்து இரும்பில் மெல்லியதாகத் தடவி, மரத்தை வைத்து அழுத்தி எடுங்கள். கரி ஒட்டின இடம்தான் தட்டுகிற இடம். அந்த இடத்தை மட்டும் உளியால் சுரண்டுங்கள், அதுவும் தூள் வருமளவுக்குத்தான். மறுபடி கரி, மறுபடி சுரண்டல். முப்பது நாற்பது தடவை ஆகும். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் கரி ஒட்டத் தொடங்கினால் சரி. திருகாணி போடாமலே துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தால் கட்டை விழக்கூடாது, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால்தான் கழல வேண்டும்.

முனைப் பக்கமும் ஒன்று பார்க்க வேண்டும். மரத்தின் முன்முனை பேரலைக் கீழிருந்து லேசாக மேலே தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். கட்டையைப் பிடித்துக்கொண்டு பேரலை விரலால் மேலே தூக்கினால் ஒன்றிலிருந்து மூன்று கிலோ விசையில் கொஞ்சம் எழும்பி, விட்டதும் அதே நடுவில் வந்து உட்கார வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் குறி அந்தப் பக்கம் போகும்.

மரத்தைக் கழற்றும்போது முன்கட்டையை முதலில், பின்கட்டையை அப்புறம். நம்பர் 1-இல் பின்கட்டையின் உள்ளே ஓடும் நீண்ட போல்ட்டின் முனை சதுரமாக இருந்து முன்கட்டைக்குள் ஒரு தகட்டில் பிடித்திருக்கும், மாற்றிச் செய்தவர்கள் கட்டையைப் பிளந்துவிடுவார்கள். உங்கள் மாடலில் அப்படி இல்லை என்றாலும் அந்த வரிசையையே கைப்பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விஷயத்தில் பின்கட்டையைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை.

உப்புத்தாள் வேண்டாம். தேய்த்தால் அடித்திருக்கும் முத்திரைகள் போய்விடும். பள்ளங்களுக்கு ஈரத்துணி வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் ஆவியில் மரம் உப்பி மேலே வரும். அதற்குப் பிறகு காய்ச்சாத ஆளி விதை எண்ணெய், சூடு பறக்க உள்ளங்கையால் தேய்த்து, வாரத்துக்கு ஒரு பூச்சு. அவசரப்பட்டு ஒரே நாளில் மூன்று பூச்சுப் போட்டால் பிசுபிசுவென்று நிற்கும். முக்கியமானது: அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். உலரும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிப் போடுங்கள். எங்கள் பட்டறையில் ஒரு தொட்டி அதற்காகவே ஓரமாக இருக்கிறது.

கடலோரன்_மிசிசாகா எழுதியது:

நீங்கள் ஸ்காபரோவில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள், அது செய்த இடம் உங்கள் வீட்டில் இருந்து ஒரு மணி நேர ஓட்டம்தான் என்று தெரியுமா? லோங் பிராஞ்ச் தொழிற்சாலை இப்போதைய மிசிசாகாவின் கிழக்கு ஓரத்தில், ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருந்தது. 1940-ல் அரசாங்கம் ஸ்மோல் ஆர்ம்ஸ் லிமிடெட் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, அடுத்த வருடமே முதல் துவக்குகளை வெளியே எடுத்துவிட்டது. போர் முடிவதற்குள் ஒன்பது லட்சத்துக்கு மேல் நம்பர் 4 அங்கே செய்தார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பகுதி பெண்கள்.

தொழிற்சாலையை இடித்துவிட்டார்கள், ஆனால் செய்த துவக்குகளைச் சோதித்துப் பார்த்த கட்டடமும் தண்ணீர்த் தாங்கியும் லேக்ஷோர் வீதியில் இன்னும் நிற்கின்றன. அந்தக் கட்டடம் இப்போது கலை நிகழ்ச்சிகள் நடக்கும் இடம். என் மகளின் நடன நிகழ்ச்சி ஒன்று அங்கே நடந்தபோதுதான் சுவரில் இருந்த படங்களைப் பார்த்து இதெல்லாம் எனக்கே தெரிந்தது. தலையில் துணி கட்டின பெண்கள் வரிசையாக நின்று மரத்தை உரசிக்கொண்டிருக்கும் படம் ஒன்று. தச்சன்மகன் எழுதின கரி ஒட்டும் வேலையைப் படித்ததும் அதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

இன்னொரு விஷயம். இத்தாலிக் கதையைப் பற்றி. போருக்குப் போனவர்கள் பொதுவாகத் துவக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்கள். உங்கள் மனதைப் புண்படுத்தச் சொல்லவில்லை. பேரல் உடலோடு சேரும் அடிமுனையில், மரத்துக்கு மேலே தெரியும் இடத்தில், ஏதாவது எழுத்து அடித்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

ஸ்காபரோவாசன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரமாக எழுதாததற்கு மன்னியுங்கள், மாமி வீட்டுக்குப் போய்வந்தேன். மீனலோசனி அக்கா சொன்னபடி பத்திரம் அனுப்பியாகிவிட்டது, ஒப்புதல் எண்ணும் வந்துவிட்டது, இப்போது முறையாக என் வீட்டில் இருக்கிறது.

பேரல் முழு நீளம். கம்பியை விட்டு அளந்தேன், 64 சென்ரிமீற்றர். புடைப்பு இரண்டும் இருக்கின்றன. விரல் அதில் தடக்கியபோது எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. போல்ட் எண்ணும் உடல் எண்ணும் ஒன்றே. தண்டவாளத்தின் ஓரம் கூராக இருக்கிறது. ஹெட்ஸ்பேஸ் பார்க்கக் கொடுத்தேன், சிறிய கேஜில் மூடியது, பெரியதில் மூடவில்லை. போல்ட் தலையில் 1 என்று இருக்கிறது.

கடலோரன் அண்ணா கேட்ட எழுத்து இருக்கிறது. பேரலின் அடிமுனையில், வார்னிஷ் வழிந்து மூடியிருந்த இடத்தைச் சுத்தம் செய்தபோது வந்தது. '.303', '2.222', அதற்குப் பக்கத்தில் '18.5 டன்'. உடலில் இன்னொரு இடத்தில் 'இங்கிலாந்து' என்று சின்னதாக அடித்திருக்கிறது. இது என்ன?

மாமியிடம் இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னா: இத்தாலிக்குப் போனது மாமாவின் தகப்பன்தான், அது உண்மை, ஆனால் துவக்கை அவர் கொண்டுவரவில்லை, மாமாவுக்குப் பதினாறு வயதானபோது தபால் கற்றலொக் பார்த்து வாங்கிக் கொடுத்தார், அதைக் கொண்டுபோய் முதல் நாள் மகனுக்குப் பிடிக்கக் காட்டிக்கொடுத்தபோது 'நான் அங்கே வைத்திருந்ததும் இதே மாதிரித்தான்' என்று சொன்னாராம். அந்த 'இதே மாதிரி' என்பதுதான் பிள்ளைகள் வாயில் 'இதே' என்று ஆகியிருக்கிறது. தான் திருத்தாமல் விட்டதற்கு மாமிக்கு வருத்தம். எனக்கு வருத்தமில்லை. போருக்குப் போன மனிதர் அதைப் பற்றி வீட்டில் சொன்ன ஒரே வசனம் அதுதானாம்.

கோவைக்காரன்_கால்கரி எழுதியது:

படிக்கவே நிறைவாக இருக்கிறது. அந்த எழுத்துகள் இங்கிலாந்தில் பொது விற்பனைக்கு விடும் முன் அடிக்கும் சோதனை முத்திரை. 2.222 அங்குலம் குண்டுக்கூட்டின் நீளம், 18.5 டன் என்பது சதுர அங்குலத்துக்கு எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பது. அதாவது உங்கள் துப்பாக்கி ஒன்டாரியோவில் ஏரிக்கரையில் பிறந்து, கடல் தாண்டி பிரிட்டன் போய், போர் முடிந்து அங்கே மிச்சப் பொருளாக விற்கப்பட்டு, மறுபடி கடல் தாண்டி ஒன்டாரியோவுக்கே வந்திருக்கிறது. முன்கட்டையை அறுத்ததும் பெரும்பாலும் விற்பனைக்கு முன்னாலேயே வியாபாரிகள் செய்திருப்பார்கள், உங்கள் மாமனார் குடும்பம் அல்ல.

இனி தைரியமாக வாங்கலாம். முன்கட்டையும் மேல்மரம் இரண்டும் ஒரே இடத்தில், ஒரே மர நிறத்தில் கிடைத்தால் கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் பரவாயில்லை. பின்கட்டை என்ன மரம் என்று பாருங்கள், லாங் பிராஞ்சில் வால்நட்டும் உண்டு, வெளிர் நிற பிர்ச்சும் உண்டு. வளையங்களில் கடைந்து செய்ததும் தகட்டில் அடித்ததும் இரண்டும் போர்க்காலத்தில் வந்தவைதான், எது கிடைத்தாலும் சரி, எல்.பி. முத்திரை இருக்கட்டும். திருகாணிகளை மட்டும் துப்பாக்கிப் பாகம் விற்பவரிடமே வாங்குங்கள், ஹார்டுவேர் கடையில் கிடைப்பதைப் போட்டு முறுக்காதீர்கள், என்ஃபீல்டின் மரை தனி. பத்து குண்டு மேகசினைக் கடைசியாக வாங்குங்கள், அது ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசப்படும், முடிந்தால் துப்பாக்கியில் மாட்டிப் பார்த்தே வாங்க வேண்டும்.

கனடா ரேஞ்சர்ஸ் என்ற ராணுவத் துணைப்படையினர் வடக்கே இதே துப்பாக்கியை 1947 முதல் எழுபது வருஷம் வைத்திருந்தார்கள். அவர்களுக்குப் புதியது கொடுக்க வேண்டி வந்ததற்கு ஒரு முக்கியக் காரணமே உதிரிப் பாகம் கிடைக்காததுதான். அதனால் நல்ல முன்கட்டை கண்ணில் பட்டால் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

முல்லைமணி எழுதியது:

அண்ணா, பின்கட்டையைத் தொடவில்லை என்றால் எனக்கும் சம்மதம். அறுத்த கட்டையை எறிந்துவிடாதீர்கள்.

ஸ்காபரோவாசன் எழுதியது:

எறியவில்லை தங்கச்சி. மாமியின் பழைய தலையணை உறையில் சுற்றி, எந்தத் துவக்கினது, யார் வைத்திருந்தது, எப்போது கழற்றியது என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டி, அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

முன்கட்டை கிடைத்துவிட்டது. விண்ட்சர் பக்கத்தில் ஒருவர், பாவிக்காத லோங் பிராஞ்ச் கட்டை, கிறீஸ் பூசின தாளோடு அப்படியே. மார்க் 1 தானா என்று பின்முனையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், சரிதான். நேற்று முதல் தடவை கரி தடவி வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் மட்டும் ஒட்டியது, இடப்பக்கம் சுத்தமாக வெள்ளை. தச்சன்மகன் அண்ணா, நான் வலப்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டே போவதா, அல்லது இடப்பக்கத்துக்கு மெல்லிய துண்டு ஒட்டுவதா? படம் நாளைக்குப் போடுகிறேன்.

தச்சன்மகன் எழுதியது:

ஒட்ட வேண்டாம், இன்னும் நேரம் இருக்கிறது. வலப்பக்கத்தைச் சுரண்டுங்கள், ஒரு தடவைக்கு ஒரு இழுப்பு மட்டும், ஒவ்வொரு இழுப்புக்கும் புதுக் கரி. படத்தில் உளி பிடித்திருக்கும் கையும் தெரியட்டும்.